வெள்ளையாய் விட்ட தண்ணீர்

அத்தியாயம் 17

பொன்னுரங்கம் லேமினேஷன் போட்டுவிட்டார்.

காலையில் முகம் கழுவிக்கொண்டு வந்த நீலா அதைத்தான் முதலில் பார்த்தாள். அவள் வரைந்த முகத்துவார வரைபடம். அதைத் திருவொற்றியூர் ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, பளபளவென்று பிளாஸ்டிக் போட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்தார் அவளுடைய அப்பா. பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டை தேய்த்துக் கிடந்தது. ஷேவ் செய்த முகத்தில் பவுடர் வேறு. பெண் பார்க்கக் கிளம்புகிற வீட்டில்கூட இத்தனை ஆர்ப்பாட்டம் இருக்காது.

"இன்னிக்கு மீட்டிங்ல அந்தப் பெரிய ஆபீசர் கையிலயே குடுக்கப்போறேன்," என்றார். "'சார், இது எம் பொண்ணு போட்ட மேப்பு. காலேஜ் பசங்களே இத்த வெச்சிகினுதான் படிக்குது. நாங்க எங்க வலை வுடுறோம்னு இதுல கீது, பாத்துட்டு அப்பால பேசு'ன்னு சொல்லப்போறேன்."

நீலா அவர் முகத்தைப் பார்க்காமல் துண்டைக் கொடியில் போட்டாள்.

ஏன் பார்க்கவில்லை என்பது விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

எண்ணூர் முனைக்குப்பத்துப் பொன்னுரங்கத்துக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அம்மு, ஆற்றுக்கு அக்கரையில் மணல்குப்பத்து வெற்றிக்கு வாழ்க்கைப்பட்டவள். இளையவள் நீலா, ஒரு கல்லூரியில் புவியியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் அந்தப் பெயரோடு சரி. தமிழ் வழியில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அங்கே புத்தகம் கிடையாது. இருக்கிற புத்தகம் ஆங்கிலத்தில், நூலகத்தில் ஒரே ஒரு பிரதி, அதிலும் நிலத்தோற்றப் படங்களை எவனோ பிளேடால் அறுத்துக்கொண்டு போயிருந்தான். நீலா தானே பாடம் எழுதத் தொடங்கினாள். இணையத்தில் சும்மா கிடைக்கும் செயற்கைக்கோள் படங்கள், சும்மா கிடைக்கும் வரைபட மென்பொருள், அவளுடைய தமிழ், அவளுடைய தூக்கம். எல்லாம் சேர்ந்து நாற்பது பாடங்கள் ஆயின. எல்லாவற்றையும் ஒரு இணையதளத்தில் போட்டு, மேலே ஒரு வரி எழுதினாள்: 'யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், அனுமதி கேட்க வேண்டாம்.'

யாரும் என்றால் யாரும்தானே. முகத்துவாரத்தில் ஒரு பகுதியை மண்ணடித்து நிலக்கரி யார்டு போட வருகிற ஒரு கம்பெனியும் எடுத்துக்கொண்டது. அவர்களுடைய அறிக்கையில், மூடப்போகிற தண்ணீரைப் பற்றி 'இங்கு மீன்பிடித் தொழில் இல்லை' என்று ஒரு வரி. அதற்கு ஆதாரம், நீலாவின் பன்னிரண்டாம் பாடம். இதே வரைபடம்.

போன வாரம் அந்த வரியைப் படித்தவள் வீட்டில் மூச்சு விடவில்லை. இன்றைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். அப்பா லேமினேஷனோடு நிற்கிறார்.

கைப்பேசி மினுக்கியது. தேனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார்: 'வணக்கம் மேடம். உங்கள் பன்னிரண்டாம் பாடத்தை வைத்து எங்கள் மாணவர்கள் அணைப் பகுதியை வரைந்தார்கள். இதுவரை இப்படிப் பாடம் நடத்தியதில்லை. நன்றி.'

மற்ற நாளாக இருந்தால் அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டியிருப்பாள். இன்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நைனா, அத்த எடுத்துகினு வர வேணாம்."

"ஏன், மடங்கிடுமா? அதுக்குத்தானே பிளாஸ்டிக் போட்டேன்."

மனிதர் அதைப் பழைய லுங்கியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பியே விட்டார்.

*

ஷேர் ஆட்டோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டி நின்றுவிட்டது. எண்ணூர் சாலையில் அது புதிதில்லை. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில் சாம்பல் தூசி. இறங்கி ஓடவும் முடியாது, வேறு பேச்சுக்குத் தாவவும் முடியாது. நீலா சொல்லிவிட்டாள்.

முழுவதையும் கேட்டார் பொன்னுரங்கம். லுங்கியைப் பிரித்து வரைபடத்தை மடியில் வைத்துப் பார்த்தார். இக்கரைத் தண்ணீர், வலை விடும் இடங்களைக் காட்டும் நீலக் கட்டங்களாக நிறைந்திருந்தது. அக்கரைத் தண்ணீர் வெள்ளையாக இருந்தது.

"வெள்ளையா வுட்டா ஒண்ணியும் இல்லன்னு அர்த்தமா? எந்த ஊர் நாயம் இது?"

"மேப்புல அப்டித்தான் படிப்பாங்க நைனா."

"அது வெற்றி ஊரு தண்ணிடி! உங்க அக்கா சோறு துன்றதே அதுலதான். யாருக்குத் தெரியாது?"

"நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே."

பாடு என்று ஒன்று இருக்கிறது. முகத்துவாரத்துத் தண்ணீரைக் குப்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு. ஒரு நாள் முனைக்குப்பம் வலை விட்டால், அடுத்த நாள் மணல்குப்பம். அவரவர் நாளில், அவரவர் இடத்தில். ஒருவர் நாளில் அடுத்தவர் படகு தண்ணீரில் இறங்காது. சர்க்கார் எழுதித் தந்ததில்லை, இவர்களே வைத்துக்கொண்டது. அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்த குப்பத்தின் இடத்தை நம் வாயால் பேர் சொல்லி வெளியாளுக்குக் காட்டக் கூடாது. பேர் சொன்னவன் உரிமை கேட்கிறான் என்று பொருள். அப்படிச் சொன்னவனை ஆற்றை விட்டே நிறுத்திவிடுவார்கள்.

நீலா தன் மாணவர்களை முனைக்குப்பத்துக்குக் கூட்டிவந்து இந்த வரைபடத்தை வரைந்தபோது, ஒரு மாணவன் அக்கரையைக் காட்டி, அங்கே எங்கெல்லாம் வலை விடுவார்கள் என்று பொன்னுரங்கத்திடம் கேட்டான். "அது அவங்க பாடு. அவங்களப் போய்க் கேளு," என்று சொல்லிவிட்டார். நீலாவும் மேலே கேட்கவில்லை. அம்முவிடம் சொல்லி வெற்றியை இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். 'ஆவட்டும், ஆவட்டும்' என்றே நாளைக் கடத்தினான் அவன். அதற்குள் செமஸ்டர் தேர்வு வந்தது. பாடத்தைப் போட்டுவிட்டாள்.

வெளியூர்க்காரி ஒருத்தி இந்த வரைபடத்தைப் போட்டிருந்தால் இத்தனை வினை வந்திருக்காது. விவரம் கிடைக்கவில்லை என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருப்பாள். முனைக்குப்பத்தில் பிறந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. அக்கரைத் தண்ணீர் வெள்ளையாக இருந்தால் அது அக்கரைக்காரர்களுடையது, அவர்களைக் கேட்க வேண்டும் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்பது அவள் நினைப்பு. மரியாதைக்கு விட்ட இடம் அது.

"நீ படிச்சவதானே. ஓரமா ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்ல?" என்றார் பொன்னுரங்கம்.

"நீயும் அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நைனா?"

லாரி நகர்ந்தது. வரைபடத்தை லுங்கியில் திரும்பச் சுற்றினார் பொன்னுரங்கம். நீலாவுக்கு அழுகை வந்தது. ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரம்மா வெறித்துப் பார்த்ததால் அடக்கிக்கொண்டாள்.

*

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் போன முகூர்த்தத்தின் சீரியல் பல்புகளைக்கூட அவிழ்க்கவில்லை. முன் வரிசைகள் முழுக்க வேனில் வந்து இறங்கியவர்கள். யார்டு வந்தால் வேலை உண்டு என்று யாரோ சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை இல்லாத பிள்ளைகள் எந்த வீட்டில் இல்லை? பின்னால் முனைக்குப்பத்துக்காரர்கள் ஒரு பக்கம், மணல்குப்பத்துக்காரர்கள் ஒரு பக்கம்.

அம்மு மணல்குப்பத்துப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை ஆட்டினாள்.

"இங்க வா நீலா! இவங்க எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன், எந் தங்கச்சி மேப்ப இன்னிக்கு நைனா ஆபீசர் கையிலயே குடுக்கப்போறாருன்னு."

நீலா அவளிடம் போக ஓரடி வைத்தாள். அதற்குள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞன் குறுக்கே ஓடி வந்தான்.

"நீலா மேடம்தானே? உங்க பாட வீடியோல பாத்திருக்கேன் மேடம். நான் சுடலைராஜ், விளாத்திகுளம் பக்கம். உங்க நாப்பது பாடத்தையும் ரெண்டு தடவ படிச்சிருக்கேன். எங்க காலேஜ்ல மேப் போடச் சொல்லித்தர ஆளே கிடையாது மேடம். புக்கு வாங்கவும் வழியில்ல. உங்களாலதான் இந்த வேலையே கிடைச்சிது. மொத ரிப்போர்ட்டு, அதுல உங்க பேர போட்டிருக்கேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து அவள் காலைத் தொட்டுவிட்டான்.

யார் இந்த அறிக்கையை எழுதியது என்று ஒரு வாரமாக மனத்துக்குள் ஒரு வில்லனை வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள் நீலா. அந்த வில்லனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவளுடைய மாணவன். அவள் பார்க்காமலே அவளிடம் படித்து முன்னுக்கு வந்த பிள்ளை.

"அந்த வெள்ளைப் பகுதிக்கு நேர்ல போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"போனேன் மேடம். படகு வாடகைக்கு எடுத்துப் போய்ப் பாத்தேன். ஒத்த வலைகூட இல்ல. உங்க மேப்புக்குச் சரியா இருந்துச்சு."

"அன்னிக்கு இந்தப் பக்கம் வலை போட்டிருந்தாங்களா?"

"ஆமா மேடம், நீலம் போட்ட எடம் பூராவும்."

அன்று முனைக்குப்பத்தின் நாள். மணல்குப்பத்தார் படகைக் கரையில் ஏற்றிவிட்டு வீட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்திருப்பார்கள். நீலா அதை விளக்கினாள். கேட்கக் கேட்க அந்தப் பையனின் முகம் வெளுத்தது.

"வெள்ளைன்னா இல்லன்னுதானே மேடம் நெனச்சேன்? நீங்க வேற எதுவும் எழுதலையே. கேட்டு உறுதி பண்ணாதத வரைபடத்துல ஏத்தாதேன்னு நாலாம் பாடத்துல நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தாள். சிவப்பு எழுத்தில், கட்டம் கட்டிச் சொல்லியிருந்தாள். ஏற்றாமல் விட்ட இடத்தை எப்படிப் படிப்பது என்றுதான் நாற்பது பாடத்தில் ஒன்றில்கூடச் சொல்லவில்லை.

"மேடம், நான் இப்ப என்ன செய்ய? ரிப்போர்ட்டு போயிருச்சே," என்றான். மேடையிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

விளக்கை அணைத்துத் திரையில் வரைபடத்தைப் போட்டார்கள். நீலம் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு போட்டு யார்டு வரப்போகும் இடத்தைக் குறித்திருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில்: 'ஆதாரம்: நீலா பொன்னுரங்கம், முனைக்குப்பம்.'

முன் வரிசை கைதட்டியது.

அம்முவின் பக்கத்திலிருந்த பெண், "இன்னா அம்மு, உன் தங்கச்சி எங்க தண்ணியவே காணாப் பண்ணிட்டாளே," என்று கேட்டாள். அம்முவுக்கு முதலில் விளங்கவில்லை. திரையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். சிரித்த முகம் அப்படியே நின்றுபோயிற்று.

வெற்றி எழுந்துவிட்டான்.

"மாமா! நல்லாகீது மாமா! உங்க தண்ணிய மட்டும் நீலமா போட்டுகினு எங்க தண்ணிய அழிச்சிட்டீங்களா? இதுக்குத்தான் எங்கள ஒரு வார்த்த கேக்காம மேப்பு போட்டீங்களா?"

"கேட்டேன்," என்றாள் நீலா. "அக்காகிட்ட சொல்லி எத்தினி தபா கேட்டேன்."

"எதுக்குன்னு சொன்னியா? காலேஜ் பசங்களுக்குப் பாடம்னுதானே சொன்ன? கம்பெனிக்கின்னு சொன்னியா?"

*

பேர் கூப்பிட்டார்கள். நீலா மைக்குக்குப் போனாள். மேடையில் இருந்த அதிகாரி மரியாதையானவர். மரியாதையான ஆள்களிடம்தான் நம் ஜனங்களுக்குப் பேச்சு வருவதில்லை.

"இந்த வரைபடம் நீங்க போட்டதுதானேம்மா?"

"ஆமா சார்."

"இதுல தப்பா ஏதாவது இருக்கா?"

"தப்பு இல்ல சார். பாதிதான் இருக்கு. இது மாணவர்களுக்காகப் போட்ட பயிற்சி. வெள்ளையா இருக்கிற இடத்துல மணல்குப்பத்துக்காரங்க காலங்காலமா மீன் பிடிக்கிறாங்க."

"அப்படியா. எங்கெங்க பிடிக்கிறாங்க? இடத்தைச் சொல்லுங்க, பதிவு பண்ணிக்கிறோம்."

நீலா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "அதை நான் சொல்லக் கூடாது சார். அவங்கதான் சொல்லணும்."

முன் வரிசையில் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, பேனாவை மூடி வைத்தார். அவர் சிரித்திருந்தாலே தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

மைக்கைப் பிடித்தபடியே மணல்குப்பத்தார் பக்கம், வெற்றியைப் பார்த்துத் திரும்பினாள். "மாமா, சொல்லுங்க மாமா. உங்க கால்ல விழுறேன். நீங்க சொன்னா எழுதிக்கிறாங்க. சொல்லலன்னா இல்லன்னே எழுதிடுவாங்க."

வெற்றி தன் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்தான். யாரும் அசையவில்லை.

"உங்க எதிர்ல சொல்றதா?" என்றான் அவன். "நாளைக்கி அதையும் மேப்புல போட்டு, ஊர் உலகத்துக்கே சொம்மா குடுப்ப. நீ குடுத்தது போதும்மா."

சும்மா கொடுப்பது. நீலா பெருமைப்பட்டுக்கொண்டது அந்த ஒன்றுக்குத்தான். ஊரே கேட்க அதை ஒரு களவு மாதிரி அவன் சொன்னபோது, அவள் மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"யாரும் சொல்லலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடறோம்," என்றார் அதிகாரி.

அப்போதுதான் பொன்னுரங்கம் எழுந்து வந்தார். லுங்கியை உருவி வரைபடத்தை எடுத்தார். அதை மேசைமேல் வைத்து, அதிகாரி பக்கம் திருப்பி, வெள்ளையில் விரலை ஊன்றினார்.

"நைனா, வேணாம்," என்றாள் நீலா. அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கோயில் திருப்பம்," என்றார் பொன்னுரங்கம். "நண்டுப் பள்ளம். ரெட்டைக் கம்பு. கண்டல் ஓரம். கிழவன் மேடு. இந்த அஞ்சும் மணல்குப்பத்துப் பாடு. எங்க பாட்டன் காலத்துலேந்து அவங்கோதான் அங்க வலை வுடுறாங்கோ. எழுதிக்க சார்."

மணல்குப்பத்தாருக்கு மட்டுமில்லை, முனைக்குப்பத்தாருக்கும் தலை கவிழ்ந்தது. அவர்களுக்குத் தெரிந்த காலத்தில் யாரும் இப்படி ஐந்து இடத்தின் பெயரையும் வரிசையாக, வெளியாள் முன்னால், அதுவும் மைக்கில் சொன்னதில்லை.

"ஐயா, நீங்க எந்த ஊர்?" என்று கேட்டார் அதிகாரி.

"முனைக்குப்பம்."

"மணல்குப்பத்துக்காரங்க யாராவது இதை ஒத்துக்கிறீங்களா?"

ஒரு கைகூட எழவில்லை. முனைக்குப்பத்தான் வாயால் வந்ததை ஒத்துக்கொண்டால் அந்தத் தண்ணீரில் அவனுக்கு உரிமை கொடுத்ததாகிவிடும். அம்மு மட்டும் எழ முயன்றாள். வெற்றி பின்னாலிருந்து அவள் தோளில் கை வைத்து உட்காரவைத்தான்.

"சரி. இதைத் தனிநபர் கருத்தாப் பதிவு பண்ணிக்கிறோம்," என்றார் அதிகாரி. பொன்னுரங்கத்தைப் பார்த்து, "நன்றிங்கய்யா," என்றும் சொன்னார்.

மண்டபத்தை விட்டு இறங்கும்போது முனைக்குப்பத்து ஆள் ஒருவன் காதில் விழும்படி சொன்னான்: "பொண்ணு வாயத் தொறக்காம அழிச்சா. அப்பன் வாயத் தொறந்து அழிச்சிட்டான்."

*

வீட்டுக்கு வந்தும் பொன்னுரங்கம் வெள்ளைச் சட்டையைக் கழற்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நீலா டீ போட்டுக் கொடுத்தாள். அது ஆடை கட்டி ஆறிப்போனது.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். பன்னிரண்டாம் பாடத்தை எடுத்து, வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'வெள்ளை: நாங்கள் கேட்டறியாத இடம். ஒன்றும் இல்லை என்று பொருள் அல்ல.' போட்டுவிட்டாள். எத்தனை சுலபம். ஆனால் பழைய வரைபடம் எந்தெந்தக் கல்லூரியில், எந்தெந்தக் கைப்பேசியில் கிடக்கிறதோ அவளுக்குத் தெரியாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள்தானே எழுதினாள். எடுத்தவர்களிடமிருந்து திருப்பி வாங்க வழி ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

துறைத்தலைவர் அன்புக்கரசி மேடம் கூப்பிட்டார். "கூட்டத்துல என்னவோ ஆயிடுச்சாமே நீலா? காலேஜ் பேரு எங்கயும் வரலையே? கொஞ்ச நாளைக்கு அந்தப் பாடத்தையெல்லாம் எடுத்து வெச்சிடேன்மா."

"நாப்பதையுமா மேடம்?"

"நீ நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்."

வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவர் என்று இன்றைக்கு ஒருவரைக்கூட நீலாவால் விரல் நீட்டிச் சொல்ல முடியவில்லை.

அடுத்து சுடலைராஜ் எழுதியிருந்தான். 'மேடம், மனசு கேக்கல. எழுத்துல ஆட்சேபணை தர வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. அய்யா சொன்ன அஞ்சு இடத்தையும் எழுதி மணல்குப்பத்து ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும். ஒரே ஒரு கையெழுத்து. நானே கொண்டுபோய்ச் சேத்துடுதேன். மேல கேட்டா நான் பேசிக்கிடுதேன்.'

நீலா எழுதி முடித்தாள். ஐந்து இடப்பெயர்கள், கீழே கையெழுத்துக்கு இடம். அம்முவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்முவே வந்து நின்றாள். கையில் பை இல்லை. பிள்ளைகளையும் கூட்டிவரவில்லை. பாலத்தைச் சுற்றி நடந்தே வந்திருக்க வேண்டும், சேலை ஓரமெல்லாம் சாம்பல் தூசி. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ரெண்டு ஊரும் ஒண்ணா குந்திப் பேசிட்டாங்க நைனா. நாளைலேந்து நீ ஆத்துல எறங்கக் கூடாதாம். மொகம் குடுத்துப் பேசாதவங்க எல்லாம் உன்ன நிறுத்தறதுக்கு ஒண்ணா குந்தனாங்க."

"தெரியும்," என்றார் பொன்னுரங்கம். "சொல்றப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் நைனா சொன்ன?"

"வேற யாரு சொன்னா?"

அம்மு அப்போது உடைந்தாள். தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நீலா பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவின் தோளைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அக்கா, இன்னும் ஒரு வழி கீது." தாளை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். "மணல்குப்பத்து ஆள் ஒருத்தர் போதும். நீ மணல்குப்பம்தானே. நீ போடு."

அம்மு கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் படித்தாள். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள்.

"எனக்கு இந்தப் பேருங்க தெரியாது நீலா."

"தெரியாதா?"

"கட்டிக்கினு போன நாளா அந்த எறாவ நாந்தான் உரிக்கிறேன். எங்க புடிச்சதுன்னு ஒருத்தரும் எங்கிட்ட சொன்னது இல்ல. முனைக்குப்பத்துப் பொண்ணு, அப்பன் வூட்ல போய்ச் சொல்லிடுவான்னு. எம் மாமியார்கூட என்னக் கண்டா பேச்ச நிறுத்திடும். இன்னிக்கு நைனா மைக்ல சொன்னப்பதான் மொத மொதல்ல காதுல கேட்டேன்." தாளின்மேல் விரலை வைத்தாள். "இதுல நான் கையெழுத்துப் போட்டா, எங்கப்பன் சொன்னத நான் எழுதிக் குடுத்தேன்னு ஆவும். போடலன்னா எம் புள்ளைங்களுக்குத் தண்ணியே இல்லன்னு ஆவும். நீயே சொல்லு. நான் எந்த ஊரு?"

பொன்னுரங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சட்டை கசங்கியது.

அம்முவின் கைப்பேசி அடித்தது. வெற்றி. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவள் அதைத் தாளின் பக்கத்தில், வரைபடத்தின் வெள்ளையில் வைத்தாள். பிளாஸ்டிக்கின் மேல் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது.

நீலா பேனாவை அதன் பக்கத்தில் வைத்தாள்.

அம்மு போனை எடுக்கவில்லை. பேனாவையும் எடுக்கவில்லை.